சிலிண்டரில் இன்னும் எத்தனை கிலோ? வீட்டுக்கு எது, வண்டிக்கு எது

மணி ஏழரை. காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வருகிற கூட்டம் வண்டியைச் சுற்றி நிற்கிறது. கல்லில் நான்கு தோசை பாதி வெந்த நிலையில் அடுப்பு மெல்லச் சுருங்கி அணைந்துவிட்டது. என் சித்தப்பா மகன் டிபன் வண்டி வைத்திருக்கிறான். அன்றைக்கு ஒரு குண்டான் மாவை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனான். மறுநாள் காலை என் கடைக்கு வந்து, "அண்ணே, சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு காட்டுற மெஷின் நாலஞ்சு விதமா வருது. எதை வாங்குறது?" என்றான்.

இரண்டு வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் சத்துவாச்சாரியில் இருக்கும் அக்கா. வீட்டில் ஒரே ஒரு சிலிண்டர். அது தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி ஓட்டுவார். இன்னொருவர் நண்பர். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் சின்னச் சமையல் மேடையும் போட்டு, விடுமுறை வந்தால் குடும்பத்தோடு ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் கிளம்பிவிடுவார். மலைமேல் ராத்திரி கேஸ் தீர்ந்தால் அங்கே யாரிடம் போய்க் கேட்பது?

எடை மெஷின் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அதனால் நான் தராசுப் பக்கம்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் பேசத்தான் போகிறேன். ஆனாலும் இந்த மூவரில் ஒருவரிடம் தராசு வாங்கவே வேண்டாம் என்று சொன்னேன். அதற்கான காரணமும் கீழே வரும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில், உங்களுக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். வீட்டில் "இன்னும் ஒரு வாரம் வரும்" என்று தெரிந்தாலே போதும். புக் செய்ய நேரம் கிடைத்துவிடும். டிபன் வண்டிக்கு "இன்று ராத்திரி பத்து மணி வரை தாங்குமா" என்று தெரியணும். இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் ஒன்றுக்குக் கிலோ கணக்குப் போதும், மற்றதற்கு அரைக் கிலோ கணக்கு வேண்டும்.

இரண்டாவது, சிலிண்டர் மாறும்போது என்ன ஆகும்? நம் ஊரில் காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்குகிறோம். ஒவ்வொரு முறையும் வேறு சிலிண்டர். இந்த ஒரு விஷயமே பாதிக் கருவிகளின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, அந்தக் கருவி கேஸ் போகிற பாதையில் குறுக்கே உட்காருகிறதா? உட்கார்ந்தால் கசிவதற்கு இன்னொரு இடத்தை நாமே உண்டாக்குகிறோம் என்று பொருள்.

நான்காவது, வேலூர் வெயில். வெளிநாட்டுக் குளிரை மனதில் வைத்துச் செய்த சில வழிகள் கத்திரி வெயிலில் எதையும் காட்டாது.

விலையைக் கடைசியில் வைக்கிறேன். இவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை. காசு கேட்கிறவற்றில் வாங்கும் விலையைவிடப் பின்னால் வரும் தொல்லைதான் பெரிது.

## உள்ளே இருப்பது திரவம்

இதை ஒரு முறை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தில் திரவமாக இருக்கின்றன. மேலே கொஞ்சம் இடத்தில் ஆவி. அடுப்புக்குப் போவது அந்த ஆவி. அது போகப் போகத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அடுப்பு நீண்ட நேரம் எரியும்போது சிலிண்டர் ஜில்லென்று ஆவது இதனால்தான்.

திரவம் ஒரு சொட்டு இருக்கும் வரை உள்ளே அழுத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பநிலை. முழுச் சிலிண்டராக இருந்தாலும் கால் சிலிண்டராக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே அழுத்தம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி மீட்டர் விஷயத்தில் திரும்ப வரும்.

## ஈரத்துணி

அம்மா காலத்து வழி. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் காய நேரம் எடுக்கும். மேலே காலியான பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவில் ஒரு கோடு தெரியும். வெந்நீரை ஒரு பக்கமாக ஊற்றிக் கையால் தடவிப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். சூடு ஏறிய இடம் காலி, சூடு ஏறாத இடத்தில் கேஸ்.

வேலூரில் இதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. மே மாதம் மதியம் மூன்று மணிக்குச் செய்தால் மேலும் கீழும் ஒன்றாகக் காய்ந்துவிடும், எதுவும் தெரியாது. விடியற்காலையில், இட்லி வெந்து இறங்கிய கையோடு செய்யுங்கள். அடுப்பு அரைமணி எரிந்திருக்கும், சிலிண்டர் குளிர்ந்திருக்கும், கோடு தெளிவாக விழும்.

சிலிண்டரின் மேல் ஒட்டும் நிறம் மாறும் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. சூட்டுக்கு நிறம் மாறும் மை, அவ்வளவுதான். ஈரத்துணி இலவசமாகக் காட்டுவதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இந்த வழியால் "பாதி", "கால்" என்று சொல்ல முடியும். எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது. அடிப்பகுதி உருண்டையாக இருப்பதால் கோடு கீழே இறங்கிய பிறகு நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். கடைசி இரண்டு கிலோவை இதை நம்பி ஓட்டக்கூடாது.

தோசைக்கல், புரோட்டாக்கல் வண்டிகளில் 19 கிலோ நீலச் சிலிண்டர் வேகமாகக் கேஸ் கொடுப்பதால் வெளியே தானாக வியர்க்கும்; சில நாள் பனியே படியும். அந்த வியர்வைக் கோடுதான் திரவத்தின் மட்டம். அனுபவப்பட்ட வண்டிக்காரர்கள் துணிகூட இல்லாமல் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலிண்டர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கி, உள்ளே மூன்று நான்கு கிலோ இருக்கும்போதே தீ சுருங்கிவிடும். தீர்ந்துவிட்டது என்று கழற்றித் திருப்பிக் கொடுத்தால் அந்த மூன்று கிலோ நம் காசு. அரைமணி ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்துப் பாருங்கள். சிலர் சிலிண்டரைப் படுக்கவைப்பார்கள், அடியில் நெருப்புக் காட்டுவார்கள். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். நெருப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

## காலண்டரும் கையும்

சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பதுதான் வீட்டுக்கு மிகவும் மலிவான வழி. 14.2 கிலோ 40 நாள் வந்தால் நாளுக்கு 355 கிராம். மூன்று சிலிண்டர் குறித்தால் உங்கள் வீட்டின் கணக்கு தெரிந்துவிடும். தீபாவளிப் பலகாரம், வீட்டுக்கு விருந்தாள், மார்கழியில் குளிக்க வெந்நீர் என்று வந்தால் அந்த மாதம் கணக்கு இடிக்கும். அதைத் தவிர இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கையால் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்துச் சொல்வதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காலி இரும்பே 15, 16 கிலோ வாக்கில் இருக்கும். அதன்மேல் மூன்று கிலோ இருக்கிறதா ஐந்து கிலோ இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. இடுப்புக்குத்தான் தெரியும்.

## ஊசி மீட்டர்

ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே மாட்டுகிற, பச்சை மஞ்சள் சிவப்பு என்று வட்டத்தில் ஊசி காட்டும் மீட்டரைத்தான் அதிகம் பேர் வாங்குகிறார்கள். பெட்ரோல் டேங்க் முள் மாதிரி இருக்கிறது, அதனால் நம்பிக்கை வருகிறது. அது காட்டுவது அழுத்தம். அழுத்தத்துக்கும் அளவுக்கும் உள்ள உறவை மேலே சொன்னேன்.

வெறும் புரொப்பேனை எடுத்துக்கொண்டால் 20 டிகிரியில் அதன் அழுத்தம் 8 பார் சொச்சம். 40 டிகிரியில் 13 பாரைத் தாண்டும். பியூட்டேன் சேர்ந்த நம் சிலிண்டரில் இரண்டு எண்களும் குறையும், ஆனால் ஏறி இறங்கும் விதம் அதேதான். தை மாதக் காலையில் மஞ்சளில் நிற்கும் ஊசி, சித்திரை மதியத்தில் அதே அளவு கேஸுக்குப் பச்சையில் நிற்கும். திரவம் முழுவதும் தீர்ந்து ஆவி மட்டும் மிஞ்சும்போதுதான் ஊசி உண்மையில் விழும். அப்போது உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு டம்ளர் டீ போடும் நேரம்.

ஒரு நல்ல வேலைக்கு அது உதவும். அடுப்பை மூடிவிட்டு, வால்வைத் திறந்து மூடி, ஊசி நகராமல் நிற்கிறதா என்று பார்த்தால் கசிவு இருக்கிறதா என்று தெரியும். அதற்காகக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேஸ் பாதையில் இன்னொரு இணைப்பு, இன்னொரு ரப்பர் வாஷர். அந்த வாஷர் நம் வெயிலில் காய்ந்து வெடித்தால் மீட்டரே கசியும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ரெகுலேட்டர், அதிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயான சுரக்ஷா டியூப், இவற்றுக்கு நடுவே வேறெதுவும் வேண்டாம். கசிவைப் பார்க்கச் சோப்பு நுரை போதும்.

## தராசு

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகடுகளின் உள்பக்கம் பாருங்கள். ஒன்றில் காலி எடை எழுதியிருக்கும், உதாரணமாக 15.6. இன்னொன்றில் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அது சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டிய காலாண்டும் ஆண்டும். நமக்கு இப்போது வேண்டியது காலி எடை. தராசு 22.1 காட்டினால், 22.1-இலிருந்து 15.6 போக 6.5 கிலோ கேஸ். நாளுக்கு 355 கிராம் என்றால் 18 நாள். வெயில், குளிர், வேறு சிலிண்டர், எது வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சிலிண்டர் மாறினால் காலி எடையை மட்டும் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். மற்ற எல்லா வழியும் ஏதோ ஒன்றைப் பார்த்து அளவை ஊகிக்கிறது. தராசு மட்டும் அளவையே அளக்கிறது.

சரி, எந்தத் தராசு?

கொக்கித் தராசு. 50 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கேஸ் பாதையைத் தொடாது, எந்தச் சிலிண்டருக்கும் பொருந்தும், மேசை இழுப்பறையில் வைத்துவிடலாம். ஆனால் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும், 30 கிலோவை ஒரு ஆள் தூக்க வேண்டும். வளையத்தில் கம்பி விட்டு இரண்டு பேர் தோளில் தாங்கினால் சுலபம். வீட்டில் வயதானவர் மட்டும் இருந்தால் இது சரிவராது. ஆனால் சிலிண்டர் வந்து இறங்கும் நேரத்தில் இதற்கு ஈடே இல்லை.

இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 31 நாளில் தீர்ந்தது. எப்போதும் 40 நாள் வரும். அடுத்தது வந்தபோது சீல் உடைக்காமல் மாட்டிப் பார்த்தேன். 1 கிலோ 400 கிராம் குறைவு. கொண்டுவந்தவரிடம் காட்டினேன். மறுபேச்சில்லாமல் வேறு சிலிண்டர் இறக்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எடை குறைந்து வந்ததில்லை. உங்களிடம் தராசு இல்லாவிட்டாலும், எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சிலிண்டர் கொண்டுவருபவர் தராசு வைத்திருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

மேடைத் தராசு. சிலிண்டரை அதன்மேலேயே நிரந்தரமாக உட்கார வைப்பது. கழற்ற வேண்டாம், தூக்க வேண்டாம், குனிந்து பார்த்தால் எண் தெரியும். ஆசைப்பட்டு வாங்கிய பலர் இரண்டு மாதத்தில் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காரணங்கள் மூன்று.

மலிவான மேடைகள் ஆன் செய்யும் நேரத்தில் தன் மேலிருக்கும் பாரத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பாட்டரி தீர்ந்து மாற்றினாலோ கரண்ட் போய் வந்தாலோ, 25 கிலோ மேலே இருக்கும்போதே 0.00 காட்டும். வாங்கும்போதே கடையில் பாரத்தை மேலே வைத்து ஆஃப் செய்து ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். பழைய எண் திரும்ப வந்தால் வாங்கலாம்.

அடுத்தது ஊர்ந்து விலகுதல். உள்ளே இருக்கும் லோட்செல் என்பது வளையும் உலோகத் துண்டு. பாரத்தை நாற்பது நாள் இறக்காமல் வைத்தால் மெல்ல விலகிப்போகும். நல்ல லோட்செல்லில் இது மிகக் குறைவு, மலிவில் நூறு இருநூறு கிராம்கூட விலகி நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு அது பொருட்டில்லை.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. சுரக்ஷா டியூப் விறைப்பானது. அது சிலிண்டரை மேலே இழுக்கவோ கீழே அழுத்தவோ செய்யும். டியூபைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், எண் மாறும். டியூப் தளர்வாக வளைந்து தொங்குமாறு வைத்தால் சரியாகிவிடும். தரை கழுவும் தண்ணீர் மேடைக்குள் போகாமல் அடியில் ஒரு பலகையும் வையுங்கள்.

புதிதாக எதுவும் வாங்க விருப்பமில்லையா? வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் அதன்மேல் ஒரு பிளைவுட் துண்டு போட்டு, ஆன் செய்து பூஜ்யம் வந்த பிறகு சிலிண்டரை வைத்துப் பாருங்கள். நூறு இருநூறு கிராம் முன்பின் இருக்கலாம். பலகையின் எடை ஏற்கெனவே பூஜ்யத்தில் கழிந்திருக்கும். கண்ணாடி மேடையின்மேல் சிலிண்டரின் இரும்பு வளையத்தை நேரடியாக மட்டும் வைக்காதீர்கள்.

வியாபாரத்தில் எடை போட்டு விற்கிற தராசுக்குத்தான் வருஷா வருஷம் அரசு முத்திரை வேண்டும். சொந்த உபயோகத்துக்கு அந்தச் செலவு இல்லை. சிலர் அதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

## அடியில் ஒட்டும் சென்சார்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்களே, அந்த டிராவல் டிரெய்லர்களில் இது பிரபலம். மொபேக்கா என்ற பெயரில் வருவது அங்கே பலரும் அறிந்தது. காந்தத்தால் சிலிண்டரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து ஒலி அலையை அனுப்பி, அது திரவத்தின் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டு, புளூடூத்தில் போனுக்கு அனுப்பும். கேஸ் பாதையைத் தொடவே இல்லை. அழகான யோசனை.

அங்கே அது ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுடைய 20 பவுண்டு, 30 பவுண்டு சிலிண்டர்களைப் பலரும் சொந்தமாக வைத்து அதையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். சென்சார் ஒட்டிய இடத்திலேயே வருஷக்கணக்கில் இருக்கும். நமக்கு ஒவ்வொரு முறையும் வேறு சிலிண்டர். கழற்ற வேண்டும், புதிய சிலிண்டரைச் சாய்த்து அடியில் உள்ள துருவையும் உரிந்த பெயின்டையும் துடைக்க வேண்டும், நடுவில் சரியாக ஒட்ட வேண்டும். துரு இருந்தால் ஒலி சரியாக உள்ளே போகாது. அடிவளையத்துக்குள் சென்சார் நுழைய இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன் அளந்து பார்க்கவும் வேண்டும். நம் சிலிண்டரின் உயரத்தை ஆப்பில் நாமே கொடுக்க வேண்டியிருக்கும். வண்டி சரிவில் நின்றால் மட்டம் சாய்ந்து எண் மாறும்.

விலை சில ஆயிரம். மாதம் ஒரு முறை இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். டிபன் வண்டிக்காரரால் முடியாது.

## உள்ளே தெரியும் சிலிண்டர்

இந்தியன் ஆயில் 2021-இல் கொண்டுவந்த காம்போசிட் சிலிண்டர் இரும்பு இல்லை. உள்ளே பிளாஸ்டிக் கூடு, அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, மேலே பிளாஸ்டிக் சட்டை. 5 கிலோ, 10 கிலோ என்று இரண்டு அளவு. வெளிச்சத்தில் வைத்தால் திரவத்தின் மட்டம் கண்ணுக்கே தெரியும். எடையும் இரும்பில் ஏறக்குறைய பாதி, துரு இல்லை.

இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: டெபாசிட் இரும்புச் சிலிண்டரைவிட அதிகம், எல்லா ஏஜென்சியிலும் எப்போதும் இருப்பு இருக்காது. முதலில் உங்கள் ஏஜென்சியில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். அளவும் 14.2-க்குப் பதில் 10 என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைக்கிறார்கள். நோயாளிக்குக் கஞ்சி வைக்கிற நேரத்தில் அடுப்பு அணைவது சாதாரணக் கஷ்டம் இல்லை. 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்க முடியும். அவர்களுக்கு லாட்ஜ்காரர்கள் உள்ளே தெரியும் 5 கிலோ சிலிண்டரையே வைத்துக் கொடுத்தால் பெரிய உதவி.

## இரண்டாவது சிலிண்டர்

இதுவும் ஒரு வழிதான். அளவே தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆக்கிவிடுகிற வழி. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை மாட்டி, அன்றே புக் செய்துவிட வேண்டும். டெபாசிட் பணம் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது வந்துவிடும். நிரப்பிய கேஸின் விலை சும்மா முடங்கிக் கிடக்கும், அதுதான் செலவு. வைக்க இடமும் வேண்டும்.

டிராவல் டிரெய்லர்களிலும் முன்பக்கம் இரண்டு சிலிண்டர் இருக்கும். ஒன்று தீர்ந்தால் தானாக அடுத்ததற்கு மாறும் ரெகுலேட்டரும், மாறிவிட்டது என்று பச்சையிலிருந்து சிவப்பாகிக் காட்டும் சின்ன ஜன்னலும் உண்டு. மாறியதைக் கவனிக்காமல் விட்டு இரண்டாவதும் தீர்ந்து நடுராத்திரியில் குளிரில் மாட்டிக்கொள்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். முதல் சிலிண்டர் தீர்ந்த அன்றே புக் செய்கிற பழக்கம் இல்லாவிட்டால் இரண்டாவது சிலிண்டர் வெறும் தள்ளிப்போடல்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு துல்லியம் | பின்னால் வரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| ஈரத்துணி | பாதி, கால் என்று | மதிய வெயிலில் வேலை செய்யாது | யாருக்கும், காலையில் |
| காலண்டர் | நான்கைந்து நாள் முன்பின் | பண்டிகை மாதத்தில் தப்பும் | வீடு |
| ஊசி மீட்டர் | தீரும் நேரத்தில் மட்டும் | கூடுதல் கசிவு இடம் | யாருக்கும் வேண்டாம் |
| கொக்கித் தராசு | நூறு கிராம் வரை | கழற்றித் தூக்க வேண்டும் | புதுச் சிலிண்டர் வரும்போது, 5 கிலோவுக்கு எப்போதும் |
| மேடைத் தராசு | நூறு, இருநூறு கிராம் | பூஜ்யம் தொலைவது, டியூப் இழுப்பு | மெஸ், டிபன் வண்டி |
| அடி சென்சார் | ஏறக்குறைய | ஒவ்வொரு மாற்றலுக்கும் மறுபடி ஒட்டல் | ஒரே சிலிண்டரை நிரப்புகிறவர்கள் |
| காம்போசிட் | கண்ணுக்குத் தெரிகிற அளவு | அதிக டெபாசிட், கிடைப்பது | லாட்ஜ், வேன், சின்னக் குடும்பம் |
| இரண்டாவது சிலிண்டர் | தேவையில்லை | முடங்கும் பணம், இடம் | ஒற்றைச் சிலிண்டர் வீடு |

## மூவருக்கும் என்ன சொன்னேன்

அக்காவிடம், "மெஷின் எதுவும் வேண்டாம்க்கா, இரண்டாவது சிலிண்டருக்கு எழுதிக் கொடுங்க" என்றேன். மாமா ஊரில் இல்லாத நாட்களில் 30 கிலோவைத் தூக்கி எடை பார்க்க அவரால் முடியாது. பூஜ்யம் தொலைந்த மேடையோடு அவர் அல்லாடவும் வேண்டாம். மாட்டிய தேதியைக் காலண்டரில் குறிக்கிறார். புதிது வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்கிறார். இந்த ஒரு பழக்கத்தை நான் வற்புறுத்தியே சொன்னேன்.

தம்பிக்கு மேடைத் தராசு. வண்டியில் வைப்பதற்கு இல்லை. தெருவில் ஆடும் வண்டியில் எந்தத் தராசும் நிலையாகக் காட்டாது. வீட்டு வாசலில் இருக்கிறது. மதியம் வண்டியில் ஏற்றும் முன் சிலிண்டரை அதன்மேல் வைத்துக் காலி எடையைக் கழிக்கிறான். ஒரு வாரம் கிளம்பும்போதும் திரும்பியதும் எடுத்துப் பார்த்ததில் அவனுக்கு ஒரு ராத்திரிக்கு இரண்டரைக் கிலோ ஆகிறது, சனி ஞாயிறில் மூன்று. நான்குக்குக் கீழே இருந்தால் அடுத்த சிலிண்டரையும் ஏற்றிக்கொள்கிறான். மிச்சம் இருப்பதைப் பகலில் வீட்டில் மாவு வேலைக்கு வெந்நீர் போடவும் சாம்பார் வைக்கவும் தீர்த்துவிடுகிறான். அதற்குப் பிறகு மாவு திரும்பி வந்ததாக அவன் சொல்லவில்லை.

வேன் நண்பரிடம் கொஞ்சம் நீளமாகப் பேசினேன். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஆட்டத்தில் 14.2 கிலோ இரும்புச் சிலிண்டரை வேனுக்குள் வைத்திருப்பதே எனக்குச் சம்மதமில்லை. 5 கிலோவாக இரண்டு, கிடைத்தால் உள்ளே தெரிகிற வகை, இல்லாவிட்டால் இரும்பும் ஒரு கொக்கித் தராசும். 5 கிலோ சிலிண்டரை ஒரு கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிடலாம், முதுகுக்கு வலி இல்லை. மார்கழியில் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தங்கினால் விடியற்காலைக் குளிரில் தீ சின்னதாக எரியும். அது தீர்ந்ததற்கு அடையாளம் இல்லை, எடை பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்றேன்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படுத்துவிடும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு வேனின் உள்பக்கம் திறப்பு இருக்கக்கூடாது; அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். நிமிர்ந்த நிலையில் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். கசிவு வாடை வந்தால் எல்லோரும் இறங்கி விலகிவிட்டு 1906-க்கு அழைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு அட்டையில் எழுதிச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே இரண்டு சிலிண்டரின் காலி எடையும் இருக்கிறது. போன வாரம் கிளம்பும் முன் எனக்கு போன் செய்து, "முதல்ல இருக்கிறதுல ஒண்ணே முக்கால் கிலோ, ரெண்டாவது முழுசு. ரெண்டு ராத்திரிக்குப் போதுமா?" என்று கேட்டார். நான்கு பேருக்கு இரண்டு வேளைச் சமையல், காலையில் டீ. தாராளமாகப் போதும் என்றேன்.